தொட்டியைப் பார்த்து நின்ற வகுப்பு

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

முதல் ஷிஃப்ட் முடிந்து, டீ குடித்துவிட்டு நேராகக் கராத்தே சொல்லிக்கொடுக்க மாடிக்குப் போனேன். இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். மற்ற எல்லாரும் வந்திருந்தார்கள். இந்த வாரம் மூக்கண்டப்பள்ளியில் வீட்டுக்கு ஒருவர் இருமுகிறார்.

பெல்ட் தேர்வு பதினாறாம் தேதி என்று அறிவித்தேன். சங்கத்தின் தேர்வாளர் பொன்னுசாமி மாஸ்டர் கிருஷ்ணகிரியிலிருந்து வருவார். ஒன்பது பேர் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்குத் தேர்வு எழுதப்போகிறார்கள் என்றேன். "பேனா எடுத்துக்கினு வரணுமா மாஸ்டர்?" என்றான் பிரேம்குமார். வகுப்பே சிரித்தது.

ஹரிணி சிரிக்கவில்லை. அவள் மனசுக்குள் கட்டாவை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிராளி இல்லாமல், திரும்பித் திரும்பி, அடியும் தடுப்புமாகத் தனியே ஆடிக்காட்டும் வரிசைதான் கட்டா. மாடி அவள் வீட்டு மாடி. பள்ளி விட்டதும் முதல் ஆளாக ஏறிவந்து ஆடிப் பார்க்கிறாள். போன வருஷம்கூட யாராவது பெயர் கேட்டால் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்த பெண் இவள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஹரிணியின் அப்பா முனிராஜ் வழியில் நிறுத்திப் பேசினார். அவருடைய அப்பா காலத்தில் கேழ்வரகு விளைந்த நிலத்தில் இப்போது ஒட்டி ஒட்டிக் கட்டிய வாடகை லைன் வீடுகள் நிற்கின்றன; எல்லாவற்றிலும் கம்பெனி ஆட்கள். மாடியை எனக்குக் கொடுத்தபோது, "எம்பொண்ணு கத்துக்கற வரைக்கும் இது உங்க எடம் மேடம்" என்று சொன்னவர்.

"ஸ்கூல்ல கையத் தூக்கிப் பதில் சொல்றாளாம். மிஸ்ஸே போன் பண்ணாங்க" என்றார். முகம் நிறைய சந்தோஷம். பதினாறாம் தேதிக்குச் சொந்தக்காரர்களை அழைத்திருக்கிறார். போட்டோகிராபருக்கும் சொல்லியாயிற்று.

பிப்ரவரி 16, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நான் எப்போதும் மாடியின் கிழக்கே, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நின்றுதான் சொல்லிக்கொடுப்பேன். பிள்ளைகள் தொட்டியைப் பார்த்து நிற்பார்கள். பொன்னுசாமி மாஸ்டருக்கும் அங்கேயே நாற்காலி போட்டிருந்தேன். நாலு மணி வெயில் நேராக அவர் கண்ணில் அடித்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ப்பக்கம், படிக்கட்டு அறையின் நிழலில் போட்டுக்கொண்டார். "என்னைப் பாத்துத் திரும்பி நின்னு ஆடுங்கப்பா" என்றார். அவ்வளவுதான்.

மூன்று மூன்று பேராக ஆடினார்கள். ஒன்பது பேரில் நான்கு பேருக்குத் திசை தப்பிவிட்டது. ஹரிணிக்கு மூன்றாவது திருப்பத்தில். இடப்பக்கம் போக வேண்டியவள் வலப்பக்கம் திரும்பி, பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பிரேம்குமாருக்கு முகத்துக்கு முகம் வந்து நின்றாள். அவன் அவளைச் சுற்றிக்கொண்டு போய் ஆடி முடித்தான். அவள் அங்கேயே நின்றாள். இன்னொரு வாய்ப்புக் கொடுத்தோம். அதே இடத்தில் மறுபடியும் நின்றாள்.

பொன்னுசாமி மாஸ்டர் என்னைத் தனியாக அழைத்தார். "எல்லாருக்கும் குடுத்துடலாங்களா? எல்லா ஊர்லயும் குடுக்கறதுதான். உங்க பசங்க, நீங்களே சொல்லுங்க."

நான்கு பேருக்கும் வேண்டாம் என்றேன்.

முனிராஜ் சத்தம் போடவில்லை. சொந்தக்காரர்கள் கீழே இறங்கும்வரை காத்திருந்தார். "புள்ளைங்க என்ன கம்பெனி பார்ட்ஸா மேடம், செக் பண்ணி ரிஜெக்ட் பண்றதுக்கு?" நான் இன்ஸ்பெக்ஷனில் வேலை செய்வது அவருக்குத் தெரியும். "கான்ஃபிடன்ஸ் வரணும்னுதான் அனுப்பனேன். வந்ததும் போச்சி. எங்க லைன் வீட்டுப் பையன் பாஸு, எம்பொண்ணு ஃபெயிலு. இனிமே அவ எப்பிடி இந்த மாடிக்கு வருவா?"

ஹரிணி அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

வீட்டில் என் கணவர் சின்னராஜிடம் சொன்னேன். "குடுத்துட்டு வந்திருக்கலாமில்ல? ஒரு துணிதானே" என்றார். "துணின்னா நீங்களே கட்டிக்கோங்க" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பிப்ரவரி 17, திங்கள்

கம்பெனியில் ரிஜெக்ட் ஆன பீஸை யாரும் தூக்கி எறிவதில்லை, சரிசெய்ய ரீவொர்க்குக்குப் போகும். இதை நேற்று முனிராஜிடம் சொல்ல வாய் வரவில்லை. நல்லவேளை.

வகுப்பு உண்டா இல்லையா என்று தெரியாமலே போனேன். மாடிக் கதவு திறந்துதான் இருந்தது. ஹரிணி வரவில்லை.

பிரேம்குமாரிடம் கேட்டேன். "உனக்கு மட்டும் எப்படிடா தப்பல?"

"எங்க வூட்ல எடம் ஏது மாஸ்டர்? அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டுக் கட்டில்ல தூங்கனா சுவத்தப் பாத்து ஆடுவேன். அம்மா சமைச்சிக்கினு இருந்தா சந்துக்குப் போயிடுவேன். சந்துல பக்கெட்டு இருந்தா அந்தாண்ட திரும்பிக்குவேன்."

ஒரே அறை வீடு. இருக்கிற இடத்தைப் பார்த்து ஆடியே பழகியிருக்கிறான். நானோ மூன்று வருஷமாக, "தொட்டிப் பக்கம் திரும்பு, தொட்டிக்கு முதுகு காட்டு" என்றே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதனால் அதிகம் பழகியவளுக்குத்தான் அதிகம் தப்பியது. தினமும் இங்கேயே, இந்தப் பக்கமே பார்த்து ஆடியவள் ஹரிணி.

அப்படியானால் தவறு யாருடையது?

பிப்ரவரி 18, செவ்வாய்

கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது பிரேம்குமாரின் அம்மா மாதேஸ்வரி வந்தாள். "எதுக்குக்கா இந்த வம்பு? எம்பையனையும் ஃபெயிலுன்னு சொல்லியிருக்கக் கூடாதா? ஓனர் மூஞ்சே சரியில்ல. தண்ணி மோட்டர் போடுங்கன்னு கேக்கவே பயமா கீது."

"அவன் நல்லாத்தானே ஆடினான்" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா" என்றாள். பயத்துக்கு நடுவிலும் அதைச் சொல்லும்போது கழுத்து நிமிர்ந்தது.

பிப்ரவரி 19, புதன்

ஹரிணி இன்றும் இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

பெற்றோர்களை வரச் சொல்லியிருந்தேன். மற்றவர்களோடு முனிராஜும் ஹரிணியின் அம்மா மங்கம்மாவும் வந்தார்கள். முனிராஜ் உட்காரவில்லை, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்.

தொட்டி விஷயத்தை உள்ளபடியே சொன்னேன். ஒரே பக்கம் பார்த்துச் சொல்லிக்கொடுத்தது என் தவறு, பிள்ளைகள் மேல் குறை இல்லை என்றேன்.

"தப்பு உங்களுதுன்னு நீங்களே சொல்றீங்க" என்றார் முனிராஜ். "அப்ப எம்பொண்ணு ஏன் ஃபெயிலு?"

நியாயமான கேள்வி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவளுக்கு இன்னும் வரலைங்க. தப்பு யார் மேல இருந்தாலும், வரலைன்னா வரலதான். வராததுக்குப் பெல்ட் குடுத்தா அது அவளுக்கே தெரியும். ஒரு மாசம் குடுங்க. வர வெக்கிறது என் வேலை."

அவர் இறங்கிப் போனார். மங்கம்மா மட்டும் நின்றாள். "நாளைக்கி அனுப்பறேம்மா. வூட்ல உக்காந்துக்கினு எல்லாரையும் மொறைக்கறா. டிவியக் கூட மொறைக்கறா."

பிப்ரவரி 22, சனி

வந்தாள். பழைய மஞ்சள் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றாள். நான் எதுவும் கேட்கவில்லை. பிரேம்குமாருக்கு அந்தப் பக்குவம் கிடையாது. "ஏன்டி அஞ்சு நாளா வரல?" என்று கத்தினான். "உன் மூஞ்சியப் பாக்கப் புடிக்கல" என்றாள். பேச்சு திரும்பி வந்துவிட்டது.

இனி என் வாயில் தொட்டி வராது. இன்று ஹைவே பக்கம் பார்த்து ஆடினோம். பாதிப் பேர் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

இன்றுதான் ஹரிணி அழுதாள். வடக்கே பார்த்து ஆடும்போது மறுபடியும் அதே மூன்றாவது திருப்பம். உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு வராது மாஸ்டர். எனக்கு இங்க மட்டுந்தான் வரும்."

நான் வாயைத் திறப்பதற்குள் பிரேம்குமார் முந்திக்கொண்டான். "எங்க சந்துக்கு வா. அங்க நேரா நிக்கவே எடம் கெடையாது. எது தொட்டி, எது படின்னு யோசிக்க முடியாது."

முனிராஜ் வீட்டுப் பெண் லைன் வீட்டுச் சந்துக்குப் போவதா? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

மாதேஸ்வரி சொல்கிறாள்: தினமும் சாயங்காலம் சந்தில் அரை மணி நேரம் ஆடுகிறார்களாம். பெண்கள் குடங்களை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து பார்க்கிறார்களாம். "யாராச்சும் தப்பு பண்ணா எங்களுக்கே தெரியுதுக்கா. நாங்களே சொல்லிடறோம்."

மார்ச் 12, புதன்

படியில் முனிராஜ் எதிரே வந்தார். தேர்வுக்குப் பிறகு தனியாகப் பேசுவது இதுதான் முதல் முறை.

"லைன்ல போயி ஆடறா, தெரியுமா மேடம்?"

தெரியும் என்றேன். மாடி போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

"என் வண்டி அங்கதான் நிக்கும். நேத்து அவ மூணு தபா முட்டிக்கினா. நானே போயி எடுத்து இந்தப் பக்கம் போட்டுட்டேன்." வண்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே, "அந்தப் பையனும் நல்லாத்தான் ஆடறான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மார்ச் 23, ஞாயிறு

நான்கு பேருக்கு மறுதேர்வு. பர்கூரில் வேறு ஒரு தேர்வை முடித்துவிட்டுப் பொன்னுசாமி மாஸ்டர் வந்து சேர ஐந்து மணி ஆகிவிட்டது. இந்தத் தடவை சொந்தக்காரர்கள் இல்லை, போட்டோகிராபர் இல்லை. முனிராஜும் மங்கம்மாவும் மட்டும். சந்துப் பெண்கள் சிலர் வந்து சுவரோரம் நின்றார்கள். முனிராஜ் தன் நாற்காலியை மாதேஸ்வரி பக்கம் தள்ளிவிட்டார். அவள் உட்காரவில்லை. ஆனால் அதன் முதுகில் கை வைத்துக்கொண்டாள்.

மூன்று பேர் ஆடினார்கள். மூவரும் தேறினார்கள். கடைசியாக ஹரிணி.

எந்தப் பக்கம் நிற்கச் சொல்லலாம் என்று பொன்னுசாமி மாஸ்டர் என்னைப் பார்த்தார். ஹரிணியே பதில் சொன்னாள். "எங்கப்பா சொல்லட்டும் மாஸ்டர். எந்தப் பக்கம்னாலும் சரி."

முனிராஜ் சுற்றிலும் பார்த்தார். கையைப் பொதுவாக ஒரு பக்கம் நீட்டினார்—தொட்டிக்கும் படிக்கும் நடுவே, ஒரு மூலையை நோக்கி. அப்படிக் கோணலாக நான்கூட ஒருநாளும் நிற்க வைத்ததில்லை. ஹரிணி அந்த மூலையைப் பார்த்து நின்று, வணங்கி, ஆரம்பித்தாள். மூன்றாவது திருப்பம். இடப்பக்கம். சுவரோரமிருந்து யாரோ "ஆங்" என்றார்கள்.

முடித்து வணங்கினாள். பொன்னுசாமி மாஸ்டர் ஆரஞ்சு பெல்ட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

"இருங்க மாஸ்டர்" என்றாள் ஹரிணி. "கடைசி அடி சரியா வரல. இன்னொரு தபா ஆடறேன்."

"நல்லாத்தானே இருந்திச்சி" என்றார் முனிராஜ்.

"உனக்குத் தெரியாதுப்பா. கால் தள்ளிப்போச்சி."

முனிராஜ் என்னைப் பார்த்தார். தள்ளித்தான் போயிருந்தது, ஒரு விரற்கடை. ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

ஹரிணி மறுபடியும் போய் மூலையைப் பார்த்து நின்றாள். பொன்னுசாமி மாஸ்டர் பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.