உறுப்பினர் வீட்டுக்காரர்

ஜூலை 6

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

கட்டின புருஷன் எழுதிக்கொள்வது. நான் நலம். உன் தொகுதி நலமா என்று கேட்க மாட்டேன். அது நலமில்லாததால்தானே, காய்ச்சலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடக் கூடாதென்று அலுவலக மாடியில் பாய் போட்டுப் படுத்திருக்கிறாய். போன் செய்தால் எப்போதும் யாருடனோ பேச்சு. அதனால்தான் சாப்பாட்டுப் பையில் இந்தக் கடிதம். எண்ணெய்க் கறை பட்டிருந்தால் சமையல்காரனை மன்னித்துவிடு. அவனும் நான்தான்.

இன்றைய பத்திரிகையில் உன் படம் பார்த்தேன். ஸ்டுடியோ வைத்துப் பிழைக்கிறவன் கண்ணுக்கு ஒரு படம் போதும். தள்ளி நில்லுங்கள் என்று ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்கிறாய். உனக்கும் அந்த டாக்டருக்கும் நடுவே ஒரு ஸ்கேல் நுழைய இடமில்லை. ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது. முகக்கவசத்துக்கு மேலே உன் கண் வேறு சிரிக்கிறது. சுவரெல்லாம் ஒட்டினார்களே உன் தேர்தல் படம், அந்தச் சிரிப்பு கேமராவுக்குப் பின்னால் நின்ற எனக்காகச் சிரித்தது. ஓட்டுப் போட்டவர்கள் தங்களுக்கென்று நினைத்துக்கொண்டார்கள். இப்போது நீயும் அப்படித்தான் நினைக்கிறாய்.

எனக்கு வயிறு எரிகிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உன் வீட்டுக்காரன்

ஜூலை 8

என் சிடுமூஞ்சிக்கு,

சாப்பாடும் கடிதமும் கிடைத்தன. இரண்டிலும் உப்பு தூக்கல்.

அந்த டாக்டருக்கு என் அப்பா வயசு. படத்தில் அவர் என் காதோடு சொன்னது என்ன தெரியுமா? "படுக்கை ஒண்ணுகூட இல்லம்மா. வெளிய தெரிஞ்சா ஜனங்க பயந்துடுவாங்க." அதைக் கேட்டுக்கொண்டுதான் கேமராவைப் பார்த்தேன். அது சிரிப்பில்லைங்க. இத்தனை பேரைப் படம் பிடித்த உங்களுக்கா தெரியவில்லை?

தொகுதிக்கு ஆக்சிஜன் வைத்த வண்டி ஒன்றே ஒன்று. யாருக்கு மூச்சுத்திணறல் அதிகமோ அவருக்கு முதலில். கட்சிச் செயலாளர் தன் மாமனாரை முன்னால் ஏற்றச் சொன்னார். முடியாது என்றேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகிறார். உதவி எண்ணுக்கு வரும் போனையும் நானே எடுக்கிறேன். வேறு குரல் கேட்டால் ஜனங்களுக்கு நம்பிக்கை வருவதில்லை.

கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்களுடையவள்

ஜூலை 13

ஊராரின் அம்மாவுக்கு,

பழமொழி நன்றாக இருக்கிறது. ஊரார் புருஷனை விசாரித்தால் உன் புருஷன் தானே பிழைத்துக்கொள்வானா? அதற்குப் பிறகு இரண்டு கடிதம் வைத்தேன். பை மட்டும் காலியாகத் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "உங்க வீட்டம்மா நேத்து எங்கிட்ட அரைமணி நேரம் பேசினாங்க, தங்கமானவங்க" என்கிறாள். அரைமணி நேரமாம்! எனக்குக் காதில் புகை வந்தது.

அதனால் நேற்று மத்தியானம் ஒரு காரியம் செய்தேன். ஸ்டுடியோவில் கிடந்த பழைய போனிலிருந்து உன் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். குரலை மாற்றிக்கொண்டேன். தனியாக இருக்கிறேன், மூச்சு வாங்குகிறது என்றேன். அடேயப்பா, என்ன பரிவு! "பயப்படாதீங்க ஐயா. குப்புறப் படுத்துக்கங்க. கதவைத் திறந்து வைங்க. நான் இருக்கேன்ல." என்னிடம் ஒரு நாளாவது 'நான் இருக்கேன்ல' என்று சொன்னதுண்டா?

பின்தெருவில் பூட்டிக் கிடக்கும் தையற்கடையின் விலாசத்தைக் கொடுத்தேன். வண்டி பறந்து வந்தது. ஸ்டுடியோ ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் ஷட்டரைத் தட்டினார், அக்கம்பக்கம் விசாரித்தார், போய்விட்டார். போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் இத்தனை வேகம்! கட்டினவன் குரல் மட்டும் உனக்கு அடையாளம் தெரியவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சொல். உன் வரிசையில் நான் எத்தனையாவது ஆள்?

உன் தொகுதி வாக்காளன்

ஜூலை 14

உங்களுக்கு,

நீங்கள் 'ஹலோ' என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் குரலை எனக்கா தெரியாது? நீங்கள் யாரோ போலப் பேசியதற்கு நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். உறுப்பினர் தன் புருஷனை முன்னால் ஏற்றினாள் என்று நாளைக்கு ஒரு சொல் வரக் கூடாதென்று, மூச்சு வாங்கும்போதும் பேரை மறைக்கிறார், வீட்டை விட்டு வேறு விலாசத்தில் போய்ப் படுத்திருக்கிறார் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மனசு என்று அழுதேன். குரல் உடைந்துவிடுமே என்றுதான் 'ஐயா' என்றேன்.

வண்டி அப்போது மூச்சுத்திணறலில் கிடந்த சைக்கிள் கடைக்காரர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில் திருப்பினேன். செயலாளரிடம் முடியாது என்ற இதே வாய்தான், "முதல்ல பின்தெருவுக்குப் போங்க" என்று டிரைவரிடம் சொன்னது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

கடை பூட்டியிருக்கிறது என்று டிரைவர் சொன்னதும் எனக்கு உயிரே போய்விட்டது. பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு ஓடிப்போய்ப் பார்க்கச் சொன்னேன். "ஸ்டுடியோவுல உக்காந்து டீ குடிச்சிட்டிருக்காரும்மா" என்றார். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

வண்டி திரும்பிப் போய் சைக்கிள் கடைக்காரரை ஏற்றியது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் அவருக்கு மூச்சு இருந்தது. இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னம்மா பண்ணுவீங்க, இருக்கறது ஒரு வண்டிதானே" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். கையை விட்டுவிட்டார்.

வண்டியை அனுப்பும் வேலையை டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டேன். எனக்கு இனி அந்த யோக்கியதை இல்லை. காய்ச்சல் அடங்கினாலும் நான் வீட்டுக்கு வரமாட்டேன். என்னை அழைத்துப்போக நீங்களும் வர வேண்டாம்.

எத்தனையாவது ஆள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு எப்போதுமே நீங்கள்தான் முதல் ஆள். அது வெளியே தெரியாமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. சைக்கிள் கடைக்காரர் வீட்டுக்கும் தெரிந்துவிட்டது.