அசல் ஒலியில் அண்ணன்

பொய்மீசையோடு மாலை வாங்கிக்கொண்ட என் பாசமான அண்ணனுக்கு,

நீ நடித்த ஒரே சிரிப்புப் படம் டிவிடியாக வந்துவிட்டது. நீ போய் நாலு வருஷம் கழித்து. படத்தை எடுத்த உன் கூட்டாளி மணியம் போன ஞாயிற்றுக்கிழமை செரண்டாவில் இருக்கும் நம் வீட்டுக்கே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார். "இப்ப யாருண்ணே டிவிடி பாக்குறா?" என்று கேட்டேன். "கையில புடிச்சுப் பாக்குற மாதிரி ஆகுமாலா? நீ நல்லா எழுதுவ, பேஸ்புக்ல நாலு வார்த்தை போட்டு விடும்மா" என்றார். இதோ போடுகிறேன். நல்ல வார்த்தையாக இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

முதலில் அட்டை. ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில், கூலிகளை மேய்க்கிற மண்டோர் வேஷத்தில், தொப்பியும் ஒட்டுமீசையுமாக நீ நிற்கிற படம். உன் சாவுக்கு அவசரத்தில் வேறு போட்டோ கிடைக்காமல் அதைத்தான் பெரிதாக்கினோம். ஆயுசுக்கும் மீசை வைக்காத மனுஷனை மீசையோடு கும்பிட்டு அழுதோம். மூன்றாம் நாள்தான் கெர்லிங்கிலிருந்து வந்த அத்தை, "இவன் எப்ப மீசை வச்சான்?" என்று கேட்டார். இன்றைக்கும் ஹாலில் அதுதான் தொங்குகிறது. மாற்றச் சோம்பேறித்தனம், வேறென்ன.

படம் தெளிவாக இருக்கிறதா? செம்பனை மரமெல்லாம் வெந்த கீரை நிறத்தில் இருக்கிறது. கீழே ஓடும் மலாய் எழுத்து ஒரு காட்சி தாமதம். நம்மோடு உட்கார்ந்து பார்க்கிற மலாய்க்காரர் கதாநாயகி அப்பா செத்த பிறகுதான் சிரிப்பார்.

உன் நடிப்பைச் சொல்லவா? ஐந்து தடவை கால்வாயில் விழுகிறாய். ஒவ்வொரு தடவையும் எங்கே விழுவது என்று முன்கூட்டியே கண்ணால் தேடுகிறாய். உனக்கு ஏன் அண்ணே இந்த வேலை?

உருப்படியாக ஒரே ஒரு காட்சி. பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று போன பிறகு, மண்டோரின் தங்கை அடுப்படியில் வந்தவர்களுக்குச் சுட்ட கறிபாப் பலகாரத் தட்டோடு உட்கார்ந்து, "எனக்கு என்ன கொறச்சல்? நல்லாத்தானே பவுடர் போட்டேன்?" என்று அழுவாள். ஊரே அதற்குத்தான் சிரித்தது. ரவாங்கில் என்னோடு வேலை செய்கிறவர்கள் இன்னும் தேநீர் நேரத்தில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அது நான் அழுத அழுகை. அன்றைக்கு அடுப்படியில் உன்னைத் தவிர யாரும் இல்லை. படம் வந்தபோதே கேட்டேன். "மணியம் எழுதுனதுலா. எல்லா வீட்டுலயும் நடக்குறதுதானே" என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாய். நம்பினேன். நம்பியதால் நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

இந்த டிவிடித் தட்டை நான் போட்டுப் பார்த்ததற்குக் காரணம் வேறு. படத்தில் நீ பேசுவது உன் குரலே இல்லை. லோரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று மணியம் வேறு ஆளை வைத்துப் பேச வைத்துவிட்டார். நீ அனுப்பிய குரல் செய்திகள் என் பழைய கைத்தொலைபேசியோடு போய்விட்டன. உன் குரல் எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்துகொண்டே வருகிறது அண்ணே. அட்டையின் பின்பக்கம், "படப்பிடிப்புக் கூத்துகள், அசல் ஒலியுடன்" என்று போட்டிருந்தது. அலமாரிக்கு மேலிருந்த பழைய பிளேயரைத் துடைத்து மாட்டினேன். நீ ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றிருந்தது.

மொத்தம் ஒன்பது நிமிடம். எட்டு நிமிடத்துக்கு மேலே பாட்டைப் போட்டு மூடியிருக்கிறார்கள். நீ வாயைத் திறக்கிறாய், மேளம் அடிக்கிறது. கடைசியில் பாட்டு நின்றது. தோட்டத்து லயத்து வீட்டு அடுப்படி. "பொண்ணு எப்படி அழணும்? செஞ்சு காட்டு" என்று மணியம் குரல். நீ துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாய்.

"அண்ணே, எனக்கு என்ன கொறச்சல்? நல்லாத்தானே பவுடர் போட்டேன்?"

நான் மூக்கை உறிஞ்சுவதைக்கூட விடவில்லை. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, நீ இன்னொரு தடவை செய்தாய், முன்னைவிட நன்றாக. அத்தோடு முடிந்தது.

பலமுறை திருப்பிப் போட்டேன். நீ எங்கேயாவது இருக்கிறாயா என்று தேடினேன். இல்லை. உன் தொண்டையிலிருந்து நான்தான் அழுகிறேன். உன்னைச் செருப்பால் அடிக்கக்கூட முடியாதபடி போய்ச் சேர்ந்துவிட்டாயே.

வாங்க நினைப்பவர்களே, வாங்காதீர்கள்.

அண்ணே, திதிக்கு உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைப்பேன், சத்தியம். இந்தத் தட்டையும் உடைக்க மாட்டேன். உன்னிடமிருந்து வந்த சத்தம் வேறு எதுவும் என்னிடம் இல்லை. போட்டுப் போட்டுக் கேட்பேன். மன்னிக்க மட்டும் மாட்டேன்.

கூடப் பிறந்த பாவத்துக்கு,
உன் தங்கை