கோணல் விழுந்த அறை

ஆவணி 9, செவ்வாய்

புது வீட்டில் மனையின் கோணல் முழுவதையும் என் மகன் என் அறைக்குள் தள்ளிவிட்டான். ஹால், பூஜையறை, அவர்கள் படுக்கையறை எல்லாம் மூலைமட்டம் பிடித்த சதுரம். மதிலோரம் மிஞ்சிய முக்கோணம் எனக்கு. கட்டிலைப் போட்டால் கதவு சாத்த முடியவில்லை.

"மனையே கோணலுங்கப்பா. எங்கயாவது தள்ளித்தான ஆவோணும்?" என்றான்.

"படுக்கத்தானுங்க மாமா போறீங்க, ஓடியாடவா?" என்று மருமகள் சிரித்தாள்.

மனை இன்னும் என் பேரில்தான் இருக்கிறது. நாளை கொத்தனார் அவர்கள் படுக்கையறைக்கும் என் அறைக்கும் நடுவிலுள்ள சுவரை இடித்து, மதில் போகும் போக்கிலேயே கட்ட வேண்டும். கோணல் அவர்கள் பக்கம் போகட்டும். மகன் நின்று செங்கல் எடுத்துக் கொடுக்க வேண்டும். மருமகள் அங்கே படுத்துப் பார்த்து, ஓடியாட இடம் இருக்கிறதா என்று எனக்குச் சொல்ல வேண்டும்.