கடைசி நிமிடத்துக் கொடி

வால்தம்ஸ்டோ, லண்டன்
11.01.2004

அன்பின் தங்கச்சி இம்மாகுலேற்றுக்கு,

நீர் யாழ்ப்பாணத்தில் உம்முடைய தங்கச்சி துசியந்தி வீட்டில் இருப்பதாக இங்கே லண்டனில், எட்மண்டன் கோயிலில் சொன்னார்கள். விலாசத்தையும் அங்கேயே வாங்கினேன். சுகமாகப் போய்ச் சேர்ந்தீர் என்று நம்புகிறேன்.

உம்முடைய மனிசன் கஸ்பரை அடக்கம் செய்த அன்று நானும் வந்திருந்தேன். கோயிலில் கடைசி வாங்கில், தூணுக்குப் பின்னால். ஐம்பது வருடச் சிநேகிதன் பெட்டிக்குள் கிடக்கிறான், நான் வழியில் போனவன்போல வாங்கின் நுனியில் இருக்கிறேன். பாட்டு முடியுமுன்பே எழும்பிப் போய்விட்டேன்.

நடந்தது உமக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்தை நான் ஒருநாளும் உமக்குச் சொல்லவில்லை. 2002 ஆடி மாதம், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊர் மைதானத்தில் பழைய மாணவர் சங்கத்தின் உதைபந்தாட்டம். எங்கள் கல்லூரிக்கும் 'அவங்களுக்கும்'. (கஸ்பர் அந்தக் கல்லூரியின் பெயரைச் சாகும்வரை வாயால் சொன்னதில்லை. நானும் எழுதப்போவதில்லை.) கோட்டோரம் கொடி பிடிக்கும் லைன்ஸ்மன் வேலைக்கு வரவேண்டியவர் வரவில்லை. "சற்குணம் அண்ணை பொய் சொல்லமாட்டார்" என்று கொடியை என் கையில் தந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, வாங்கிவிட்டேன்.

கடைசி நிமிடம். இரண்டு பக்கமும் பூச்சியம். உம்முடைய மகன் கிளின்ரன் கோல் அடித்தான். ஐந்து வருடம் மாற்று ஆளாகக் கரையில் இருந்த பிள்ளை, அப்பாவின் கல்லூரிச் சட்டையோடு அடித்த முதல் கோல். நான் கொடியைத் தூக்கினேன். பந்து வருமுன்பே எதிராளிகளைத் தாண்டிப் போய் நின்றுவிட்டான், ஓப்சைட், கோல் செல்லாது என்று.

கஸ்பர் ஓடி வந்து நூறு பேருக்கு முன்னால் கேட்டான்: "உனக்குக் கண் தெரியாதெண்டால் ஏன்ரா கொடி பிடிச்சனி?" நானும் விடவில்லை. "ஓப்சைட் எண்டால் ஓப்சைட்தான், உன்ரை மோன் எண்டாப்போல?" என்றேன். அதுதான் நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு அவன் போகும்வரை பதினாறு மாதம். இரண்டு வீட்டுக்கும் இடையில் பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரம்.

ஒன்றை மட்டும் கேட்கவே இவ்வளவும் எழுதினேன். அவன் என்மேல் கோபத்தோடா போனான்? எதுவானாலும் மறைக்காமல் எழுதும்.

சற்குணம் அண்ணை

~

குருநகர், யாழ்ப்பாணம்
04.02.2004

அன்புள்ள சற்குணம் அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. தூணுக்குப் பின்னால் ஒளிந்தால் நான் காணமாட்டேன் என்று நினைத்தீர்களா? நீங்கள் போட்டிருந்த மண்ணிறக் கோட்டுக்குப் பொத்தான் தைத்தவளே நான்தான். உங்களைக் கண்டேன். ஒரு பிடி மண் போட வருவீர்கள் என்று குழியடியில் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃபாதர் கூட எனக்காக ஒரு நிமிடம் பொறுத்தார். நீங்கள் வரவில்லை. என் கோபம் அதுதான், கொடி அல்ல.

இங்கே சண்டை நின்றதால் சனம் வந்துபோகிறது. பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை, ஆனால் வாசலில் செவ்வரத்தை பூத்திருக்கிறது. விடியற்காலையில் கடல் சத்தத்தோடு கண் விழித்தால் எட்மண்டன் வீட்டில் படுத்திருக்கிறேன் என்றும், அது பெரிய ரோட்டில் போகும் வாகனங்களின் இரைச்சல் என்றும் கொஞ்ச நேரம் நினைக்கிறேன். அவர் குசினியில் தேத்தண்ணி போடுகிறார் என்று படுத்தே கிடக்கிறேன். பிறகு துசியந்தி கூப்பிடுவாள்.

நீங்கள் கேட்டதற்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. இருந்து இருந்து பார்த்தேன், கை வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

அதற்குள் எனக்கு ஒரு உதவி. கிளின்ரன் வீட்டில் தனிய இருக்கிறான். வயரிங் வேலைக்குப் போகிறான், வருகிறான், போனில் "ஓம் அம்மா, சாப்பிட்டன் அம்மா" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. போய்ப் பாருங்கள். கதவு திறக்காவிட்டால் இரண்டாம் முறையும் போங்கள்.

இம்மாகுலேற்

~

வால்தம்ஸ்டோ
07.03.2004

அன்பின் தங்கச்சி,

மண் போடாதது என் பிழை. அதற்கு என்னிடம் சாட்டு இல்லை. போன கிழமை கல்லறைக்குப் போனேன். புல் முளைக்கத் தொடங்கிவிட்டது. இனி எங்கே போடுவது என்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் கையை வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

கிளின்ரனிடம் போனேன். முதல்முறை கதவு திறக்கவில்லை. இரண்டாம் முறை திறந்தான், கதவுச் சங்கிலியைக் கழற்றவில்லை. "அப்பா அந்த மச்சுக்குப் பிறகு ஒரு மச்சும் பார்க்கப் போகேல்லை. தெரியுமா அங்கிள்?" என்றான். தெரியாது என்றேன். "இப்ப தெரியும்தானே" என்று சாத்திவிட்டான். ஆள் மெலிந்திருக்கிறான், ஆனால் வீட்டுக்குள்ளிருந்து பருப்பு வாசம் வந்தது. சமைக்கிறான். அதை உமக்குச் சொல்லவேண்டும் என்று மோந்துகொண்டு நின்றேன்.

தங்கச்சி, முதல் கடிதத்தில் எழுதாத ஒன்று இருக்கிறது. கஸ்பர் அன்று கேட்டது உண்மை. எனக்குக் கண் தெரியாது. பள்ளிக்கூட நாளிலேயே தூரத்தில் நிற்பது மங்கல்தான். அப்போது கண்ணாடி வாங்க வசதியில்லை, பிறகு போட வெட்கம், இப்போது படலமும் சேர்ந்துவிட்டது. கல்லூரி மைதானத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் புழுதியும் வெள்ளைச் சட்டைகளும்தான். வேலியோரம் கஸ்பர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பான்: "இப்ப வலப்பக்கம் போறான், வெட்டிறான், ஐயோ விட்டிட்டான்." நான் மச் பார்த்தது அவனுடைய முகத்தில். ஓப்சைட் என்றால் நடுவருக்கு முன்பே அவனுடைய வலது கை மேலே போகும். கோல் என்றால் இரண்டு கையும் போகும்.

பார்க்கிங்கில் பந்து எங்கே என்றே எனக்குத் தெரியவில்லை. பழக்க தோஷத்தில் கஸ்பரைப் பார்த்தேன். எனக்கு முப்பது அடி முன்னால் நின்றான். வலது கை மேலே போனது. நான் கொடியைத் தூக்கினேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் நினைவு வந்தது, அவனுடைய இடது கையில் தேத்தண்ணிக் கப் இருந்தது. மகன் கோல் அடித்த சந்தோசத்தில் ஒற்றைக் கையைத் தூக்கியிருக்கிறான். நான் அதை ஓப்சைட் ஆக்கிவிட்டேன். பிழை தெரிந்த பிறகும் போய்ச் சொல்லவில்லை. குருடன் என்று சபையில் சொன்னவனிடம் போய் "ஓம், குருடன்தான்" என்று எப்படிச் சொல்வது?

இப்போது அவன் கனவில் வருகிறான். வால்தம்ஸ்டோ சதுப்பு நிலம், ஒரே பனிப்புகார், அதற்குள்ளே பந்து உதைபடும் சத்தம் மட்டும். கஸ்பர் என் பக்கத்தில் நிற்கிறான். "என்னடா நடக்குது, சொல்லன்" என்று கேட்கிறேன். ஒன்றும் சொல்லாமல் முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கிறான். விழித்த பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கும்.

இதற்கு மேலும் என் கேள்விக்குப் பதில் எழுத உமக்கு மனம் வராவிட்டால் எனக்கு விளங்கும்.

சற்குணம்

~

குருநகர்
10.05.2004

அன்புள்ள அண்ணைக்கு,

நேற்று நான் மச் பார்க்கப் போனேன்! சிரிக்க வேண்டாம். கல்லூரிக்கும் அவங்களுக்கும். முப்பது வருடம் அவரோடு வாழ்ந்து ஒருநாளும் போகாதவள், அவர் இல்லாத முதல் மச்சுக்குத் துசியந்தியையும் இழுத்துக்கொண்டு போனேன். யாராவது போகத்தானே வேண்டும். அவருக்கு எழுதுவதாக நினைத்து உங்களுக்கு எழுதுகிறேன்.

சரியான வெயில். பெடியள் தகரத்தில் தட்டித் தட்டிக் காது அடைத்துவிட்டது. எங்கள் பக்கம் இரண்டு, அவங்கள் ஒன்று. முதல் கோல் எப்படி என்று கேட்காதீர்கள், நான் அப்போது குடை விரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதை முழுதாகப் பார்த்தேன். ஒரு நெட்டைப் பெடியன் தலையால் இடித்தான், பந்து மெதுவாக, ஏதோ யோசித்துக்கொண்டு போவதுபோல உள்ளே போனது. சனம் கத்தியது. என்னை அறியாமல் நானும் எழும்பி நின்று கத்தினேன். பிறகு இருந்து அழுதேன். துசியந்தி பயந்துபோனாள்.

இரவு படுக்கையில் முடிவெடுத்தேன், இனியும் மறைக்கக்கூடாது என்று.

அண்ணை, அவர் உங்களோடு கோபமில்லை. வெட்கம். மச் முடிந்த அன்றே என்னிடம் சொல்லிவிட்டார். "கையைத் தூக்கினது நான்தான் இம்மா. பெடியன் ஓப்சைட்தான். கண் கண்டிட்டுது, கை தன்ரை பாட்டிலை போயிட்டுது. சற்குணம் என்னைப் பாத்துத்தான் கொடி தூக்கினவன். பிறகு பெடியன்ரை முகத்தைப் பாத்தன். அந்த முகத்துக்கு முன்னாலை என்ரை கைதான் எண்டு சொல்ல ஏலாமல் போச்சு." அதனால்தான் உங்கள்மேல் பாய்ந்தார். நீங்கள் கண்ணைப் பற்றி மறைத்தது உண்மை, ஆனால் அவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். தெரிந்ததை ஐம்பது வருடம் காப்பாற்றிவிட்டு ஒரு நிமிடத்தில் சபையில் போட்டு உடைத்தார். அதை நினைத்துத்தான் தேய்ந்தார்.

எத்தனை சனிக்கிழமை "சற்குணத்திட்டைப் போட்டு வாறன்" என்று பஸ் ஏறினார். வால்தம்ஸ்டோ சந்தையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வருவார். "கண்டீங்களோ?" என்று கேட்டால், "ஆள் வீட்டிலை இல்லை" என்பார். நீங்கள் வீட்டில்தான் இருந்திருப்பீர்கள்.

நான் உடனே எழுதாததற்குக் காரணம் மகன். அப்பா தனக்காக நின்றார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஆனால் நீங்கள் பழி சுமக்க நான் பார்த்துக்கொண்டிருப்பது பாவம். ஆடியில் பார்க்கிங் மச் வரும்தானே, கிளின்ரனிடம் உண்மையைச் சொல்லுங்கள். நான் சொல்லச் சொன்னேன் என்றே சொல்லுங்கள்.

இம்மாகுலேற்

~

வால்தம்ஸ்டோ
19.07.2004

அன்பின் தங்கச்சி,

உம்முடைய கடிதத்தை வாசித்தேன். அந்தச் சனிக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருந்தேன். முதலில் நிம்மதி வந்தது. பிறகு கஸ்பர்மேல் கோபம் வந்தது, அவன் உயிரோடு இருந்த காலத்தில் வராத அளவுக்கு. சந்தையிலிருந்து என் வீடு எட்டு நிமிட நடை. நான் சந்தைக்குப் போவதும் சனிக்கிழமைதான். எந்த மேசையில் இருந்தானோ.

வைகாசியில் வலது கண்ணுக்கு ஒப்பரேசன் செய்தேன். புல் இவ்வளவு பச்சை என்று எனக்குத் தெரியாது. நேற்று பார்க்கிங்கில் கஸ்பருக்காக இரண்டு நிமிடம் எல்லாரும் எழும்பி நின்றார்கள், அவங்களும்தான். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மச்சை என் சொந்தக் கண்ணால் பார்த்தேன். பந்து தெரிந்தது, கால்கள் தெரிந்தன, எல்லாம் சின்னதாகவும் அவசரமாகவும் இருந்தது. கஸ்பர் சொன்ன மச்சுகள் இதைவிட நல்லாயிருந்தன. கல்லூரி மூன்றுக்கு ஒன்று தோற்றது.

கிளின்ரன் விளையாடவில்லை. மரத்தடியில் நின்றான். கிட்டப் போனேன். நீர் சொன்னதைச் சொல்லத்தான் போனேன், கடவுள்மேல் ஆணை. ஆனால் திரும்பிப் பார்த்தபோது அந்த முகம் கஸ்பரின் முகம், இருபத்தாறு வயதுக் கஸ்பர். என் வாயில் வேறு கதை வந்துவிட்டது. "தம்பி, அது கோல்தான். எனக்குக் கண் தெரியாது. வீம்புக்குக் கொடி பிடிச்சனான். கொப்பர் கஸ்பர் என்னைக் கேட்டதிலை ஒரு பிழையும் இல்லை. என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன். ஊரெல்லாம் பொய் சொல்லமாட்டான் என்று நம்பிய மனிசன் சொன்ன பொய் அது.

 பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். "இல்லை அங்கிள். நான் ஓப்சைட். பந்து வரேக்கையே எனக்குத் தெரியும். சும்மா அடிச்சுப் பார்த்தன். கொடி தூக்கினதைக் கண்டிட்டுச் சரியெண்டு திரும்பினன். அதுக்குள்ளை அப்பா எனக்காக உங்களோடை சண்டை பிடிக்கிறார். அவர் ஒருநாளும் எனக்காக அப்பிடி நிண்டதில்லை. எப்பிடி அங்கிள் நான் வாய் திறக்கிறது? நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு இருந்தன்." காலால் புல்லைக் கிண்டினான். "உங்களை வாசல்லை வைச்சுக் கதவைச் சாத்தினதும் அந்த வெட்கத்திலைதான்."

நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் ஏதோ கோல் விழுந்து சனம் கத்தியது, யார் அடித்தார்கள் என்று நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

தங்கச்சி, கஸ்பரின் கையைப் பற்றி நான் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. தனக்காகச் சண்டை பிடித்த ஒரு அப்பா அவனுக்கு இருக்கட்டும். நீரும் சொல்லவேண்டாம், இதை என் மன்றாட்டமாக எடுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் சாப்பிட வருவதாகச் சொல்லியிருக்கிறான். நான் வைக்கும் கறி வாயில் வைக்க ஏலாது, நீர் ஒரு மீன்குழம்பு எழுதி அனுப்பும்.

பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன். அது ஓப்சைட் என்று கஸ்பருக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியும். உமக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் கொடி தூக்கிய நான். எட்மண்டன் வீட்டுக் குசினியில் நால்வரும் ஒரே ஒரு பின்னேரம் இருந்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்போம். பஸ்ஸின் மேல்தட்டில் முன் ஆசனத்தில் தனியே இருந்து நான் சிரித்துப் பார்த்தேன். பக்கத்து வரிசையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி கண் துடைக்க என் கையில் ஒரு ரிசுக் கடதாசி வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

உம்முடைய அண்ணை
சற்குணம்