போகியில் அழித்த தை

அன்புள்ள ஸ்டெல்லா டீச்சர்,

"இன்னும் அந்தப் பழைய பொட்டிய வச்சிக்கினு இன்னாத்துக்கு அண்ணாச்சி மாரடிக்கிற?" என்று முனுசாமி இன்று காலையிலும் கேட்டான். உங்களுக்குத்தான் தெரியுமே, அவனுக்கு அவன் ஓட்டும் அச்சு மெஷினைத் தவிர எதுவும் உசத்தி இல்லை. கடையில் இப்போது புதுக் கம்ப்யூட்டர் இரண்டு இருக்கின்றன. இருந்தாலும் கல்யாணப் பத்திரிகை என்றால், நீங்கள் உட்கார்ந்து அடித்த அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டி முன்னால்தான் நான் உட்காருகிறேன். இரண்டாயிரம் பிறந்தால் எல்லாக் கம்ப்யூட்டரும் நின்றுவிடும் என்று தி. நகர் முழுக்கப் பேச்சு. எனக்குப் பயமில்லை. பெட்டி நின்றுபோனதை நான்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டேனே.

அந்தப் போகியைச் சொல்கிறேன்.

ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறிய இரண்டாவது வருடம். பள்ளிக்கூடம் விட்டதும் சாந்தோமிலிருந்து 12பி பிடித்து வந்து, பத்திரிகை வாசகங்களை நீங்கள் அடித்து வைப்பீர்கள். அந்தத் தைக்குப் பதினொரு கல்யாணம். பொங்கல் கழிந்ததும் அச்சேற வேண்டும்.

காலையில் கடை வாசலில் கழிவுகளோடு சேர்த்து, பதினொரு வீட்டாரும் கைப்பட எழுதிக்கொடுத்த தாள்களையும் கொளுத்தினேன். எல்லாம்தான் பெட்டிக்குள் இருக்கிறதே என்ற தைரியம். அதோடு நின்றேனா? பெட்டிக்குள்ளும் போகி கொண்டாட உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது இரண்டே வித்தை: பட்டியல் போடுவது, அழிப்பது. பட்டியலில் சில ஃபைல்களுக்கு, நான் பெட்டி வாங்குவதற்கு இரண்டு வருடம் முந்தைய தேதி. விற்றவன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டானே என்று கோபம் வந்தது. அழித்தேன். அடுத்து 'தை' என்று பெயர் போட்ட ஒரு பிரிவு. நாளைக்குத்தானே தை பிறக்கிறது, அதற்குள் ஏது தை? போன வருடத்தது என்று அதையும் அழித்தேன். நிச்சயம்தானா என்று பெட்டி கேட்டது. நிச்சயம் என்றேன்.

நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி இங்கிலீஷ். அதற்கப்புறம் அசையவில்லை.

முனுசாமி எட்டிப் பார்த்தான். "இன்னா அண்ணாச்சி, போகிக்கு இதையும் கொளுத்திட்டியா?"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து, நடந்ததை எல்லாம் கொட்டினேன். வேறென்ன செய்ய? பதினொரு வீட்டுப் படியேறி, 'நீங்கள் எழுதிய தாளை எரித்துவிட்டேன், அடித்ததையும் அழித்துவிட்டேன்' என்று சொல்ல வேண்டும். நல்ல காரியத்துக்கு எழுதியதை நெருப்பில் போட்டவன் என்று பேர் விழுந்தால், அப்புறம் எவன் என்னிடம் பத்திரிகை அடிப்பான்?

நீங்கள் சிரித்தீர்கள் டீச்சர். எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

"தை கல்யாணத்த மார்கழியில அடிக்காம, தாலி கட்டினப்புறமா அடிப்பாங்க? போன வருஷத்துத் தைய நான் எப்பவோ அழிச்சாச்சு. அதுக்கப்புறம் நீங்க பெட்டியில ஒரு எழுத்துகூட அடிக்கலையே?"

"இல்ல டீச்சர், தொடவே இல்ல."

"அப்போ பொழைச்சோம்."

பிஸ்கட் டப்பாவில் நாலு ஃப்ளாப்பியைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். முதல் ஃப்ளாப்பியைச் செருகியதும் பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது. நான் பழைய சரக்கு என்று தூக்கியெறிந்தவைதான் பெட்டியை எழுப்பிவிடுகிற ஃபைல்களாம். அவற்றை ஃப்ளாப்பியிலிருந்து திரும்பப் போட்டீர்கள். பத்திரிகைகளுக்கு என்ன வழி என்று கேட்டேன்.

"அழிச்சா ஆளு போயிடறதில்ல அண்ணாச்சி. வாசல் பலகையில பேரோட மொத எழுத்த மட்டும் சுரண்டிடுது. வீட்டுக்குள்ள எல்லாம் அப்படியேதான் இருக்கும், வேற யாராவது குடி வர்ற வரைக்கும். மொத எழுத்த நாம சொன்னா திரும்பி வந்துடும்."

ஒவ்வொரு பத்திரிகைக்கும் நீங்கள் இங்கிலீஷ் எழுத்தில் வைத்திருந்த பெண்ணின் பெயர், திரையில் தலையிழந்து வந்தது. முன்னால் ஒரு கேள்விக்குறி, பின்னால் 'மலா'. முன்னால் கேள்விக்குறி, பின்னால் 'ஈதா'.

"சீதா" என்றேன்.

"கீதா நைனா!" என்றான் முனுசாமி. "மாப்ள பேரு ராமன். அதான் நீ பொண்ண சீதா ஆக்கிட்டே."

எந்த எழுத்தைப் போட்டாலும் ஃபைல் வரும் என்று நீங்கள் சொன்ன பிறகும், சரியான எழுத்தைத்தான் போட வேண்டும் என்று நானும் அவனும் சண்டை போட்டோம். பதினொன்றும் வந்துவிட்டன. கபாலி கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். உங்கள் மாதாவுக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

அப்போது பன்னிரண்டாவதாக ஒன்று வந்தது. கேள்விக்குறி, பின்னால் 'டெல்லா'.

போன வருடத்துத் தை. எல்லாவற்றின் இடத்திலும் புதுசு வந்து உட்கார்ந்திருக்க, அது ஒன்று மட்டும் அழியாமல் கிடந்திருக்கிறது. உங்கள் பத்திரிகையை நீங்களே அடித்து வைத்திருந்தீர்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வேண்டுமா, வேண்டாமா என்று திரை கேட்டது. முனுசாமி மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வேணாம் அண்ணாச்சி" என்று பித்தானைத் தட்டினீர்கள். "அங்க வேற யாராவது குடி வரட்டும்." பிறகு பிஸ்கட் டப்பாவை மூடிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டீர்கள்.

யார் அவன், கல்யாணம் ஏன் நின்றது, நான் கேட்கவே இல்லை. கடைக்குக் காகிதம் போடுகிறவனிடம் கட்டுக்குக் கட்டு கேள்வி கேட்பவன், உங்களிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ?

போன ஐப்பசி மழையில் உங்களைக் கல்லறைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். போன வாரம் உங்கள் தம்பி வந்தார். நினைவு அட்டைக்கு நாலு வரி எழுதிக் கொண்டுவந்திருந்தார், உங்கள் எழுத்து மாதிரியே சாய்ந்த எழுத்து. உங்கள் பெட்டியில் நானே அடித்தேன். ஃபைலுக்குப் பெயர் கேட்டது. ஸ்டெல்லா என்று, முதல் எழுத்தோடு, முழுசாகப் போட்டேன்.

அது உள்ளே எங்கே போய் உட்கார்ந்ததோ தெரியவில்லை. அந்தப் பழைய பத்திரிகை கிடந்த இடத்துக்கே நீங்கள் குடி போய்விட்டீர்களா டீச்சர்? இதற்குப் பதில் சொல்ல உங்களை விட்டால் எனக்கு வேறு ஆளில்லை.

நாளை மறுநாள் போகி. பெட்டி நின்ற அந்தப் போகியிலிருந்து, பெண் கழுத்தில் தாலி ஏறும்வரை எந்த வீட்டுத் தாளையும் நான் எரிப்பதில்லை. நாலு ஃப்ளாப்பியும் உங்கள் பிஸ்கட் டப்பாவும் என் மேசையில்தான் இருக்கின்றன. உங்கள் தம்பி எழுதிய தாளை அந்த டப்பாவில் வைத்திருக்கிறேன். இனி எத்தனை போகி வந்தாலும் அது நெருப்புக்குப் போகாது. இது என் வாக்கு.

தாலி கட்டுவதற்கு முன்னால் எரித்ததற்கு இன்னும் திட்டு வாங்கக் காத்திருக்கும்,
உங்கள் அண்ணாச்சி