நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்காலில் தோல் உரிந்து, தொண்டை கட்டிப்போய், சந்தோஷத்தில் ஓரிடத்தில் உட்காரவும் முடியாமல் உங்கள் மகள் எழுதுகிறேன்.

ஜெயித்துவிட்டோம் அப்பா! நேற்று திருவிடைமருதூரில் பெண்கள் கபடி இறுதி ஆட்டம். கடைசி ரெய்டு வரைக்கும் இரண்டு பக்கமும் சமம். நான்தான் போனேன். ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு பேர் இடுப்பைக் கட்டிப்பிடித்துவிட்டார்கள். மூச்சு அறுந்துபோகிற நேரத்தில் கையை நீட்டினேன் பாருங்கள், விரல் நுனி மட்டும் கோட்டைத் தொட்டது. விசில்!

பிள்ளை பெற்று ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை, இவள் எங்கே ஓடப்போகிறாள் என்றவர்கள் எல்லாம் எழுந்து நின்று கத்தினார்கள். நீங்கள் பார்க்காமலே போய்விட்ட உங்கள் பேத்தி, அந்தச் சத்தத்துக்குப் பயந்து அம்மாவின் இடுப்பில் வீறிட்டு அழுதாள். ஆமாம், அம்மா வந்திருந்தது! இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நம்புவீர்களா?

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊரில் ஏழு பெண்கள் சேர்ந்து டீம் என்று பெயர் வைத்துக்கொண்டோம். திருத்துறைப்பூண்டியில் போட்டி, பதினைந்து நாள்தான் இருந்தது. எதிர்த்து ஆடிப் பழக ஒரு ஆளில்லை. ஊர் ஆண்கள் டீமை நடத்திக்கொண்டிருந்த ராசேந்திரன் சித்தப்பாவிடம் போய்க் கேட்டேன்.

"பொம்பளப் புள்ளைங்ககிட்ட மாட்டிக்கிட்டா ஊருல தலைகாட்ட முடியுமா? போம்மா, போய்ப் படிக்கிற வேலையப் பாரு" என்றார்.

அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். நீங்கள் நாற்றங்காலில் வேலை முடித்து அப்போதுதான் கால் கழுவிக்கொண்டிருந்தீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, கைலியை மடித்துக் கட்டினீர்கள்.

"அவன் கெடக்கான். நான் வர்றேன். கல்யாணத்துக்கு முன்ன இந்த அப்பன் ஏழு ஊரு பேசுன ஆட்டக்காரன், தெரியுமா?"

மறுநாள் சாயங்காலம், நாம் குத்தகைக்கு உழுத வயலின் ஓரத்தில், நடவுக்கு விடாத மேட்டுத் துண்டில் சாம்பலால் கோடு போட்டீர்கள். ஏழு பேருக்கு எதிராக நீங்கள் ஒற்றை ஆள். கபடி கபடி என்று பாடிக்கொண்டு வந்தீர்கள். கையெட்டும் தூரத்தில் உங்கள் கால். எனக்குக் கை வரவில்லை. அப்பாவின் காலைப் பிடித்து எப்படி இழுப்பது?

நின்று, மூச்சை விட்டுவிட்டு, கத்தினீர்கள்: "இது கும்பிடுற காலு இல்லடி! எதிராளி காலு! இழு!"

இழுத்தேன். தொப்பென்று விழுந்தீர்கள். மேலே ஏழு பேரும் விழுந்தோம். அடியிலிருந்து உங்கள் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

நாலாம் நாள் சித்தப்பா சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். "என்னண்ணே, பெத்த பொண்ணுகிட்டயே மண்ணக் கவ்வுறீங்க?" என்றார். புழுதியில் கிடந்தபடியே நீங்கள் சொன்னீர்கள், "நீ வந்து விழாம நில்லுடா, பாப்போம்."

சித்தப்பா வந்தார். விழுந்தார். மறுநாள் அந்த அவமானத்தைத் தீர்க்க நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களும் விழுந்தார்கள். அதற்கப்புறம் எங்களுக்கு எதிராளிக்குப் பஞ்சமே இல்லை. நீங்கள் ஆட்டத்தில் பிசகிய விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து ராஜா மாதிரி பார்த்தீர்கள்.

போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றோம். எங்கள் முகத்தைப் பார்த்து நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஏழு பேரையும் கடைக்குக் கூட்டிப்போய், "தோத்தவங்களுக்குத்தான் பசி அதிகமா இருக்கும், இன்னும் ரெண்டு பரோட்டா வைப்பா" என்றீர்கள். அந்தச் சாயங்காலம் முடிவு பண்ணினேன், எனக்கு ஹீரோ வேறு யாரும் வேண்டாமென்று.

இப்போது சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். அதுக்காகத்தான் இந்தக் கடிதமே.

நேற்று வேனில் திரும்பி வரும்போது அம்மாவிடம் சொன்னேன், "அப்பா இருந்திருக்கணும்மா. அவரோட ஆட்டந்தான் எனக்கு வந்திருக்கு."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தது. "ஒங்கப்பாவுக்கு எங்கடி ஆட்டம் தெரியும்?"

"ஏழு ஊரு பேசுன ஆட்டக்காரருன்னாரே?"

"ஏழு ஊரா! பொறந்ததுலேர்ந்து கபடின்னு ஒரு கோட்டத் தாண்டுனதில்ல அந்த மனுசன். நீ அழுதுக்கிட்டு வந்த பாரு, அன்னைக்கு மறுநாள்லேர்ந்து தெனமும் வெடியறதுக்கு முன்ன என்னை எழுப்பிக் கொல்லையில நிக்கவச்சுத்தான் பழகுனாரு. மூச்சப் புடிச்சுக்கிட்டு வருவாரு, என் தோளைத் தொட்டுட்டுக் கெணத்தடிக்கு ஓடுவாரு. புள்ளைங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தம் வராமப் பாடுவாரு."

"நீ அவரப் புடிச்சியாம்மா?"

"ரெண்டு தடவ" என்றது அம்மா. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. அப்புறம் அப்படியே கண்ணையும் துடைத்துக்கொண்டது. வேனில் இருந்த அத்தனை பெண்களும் கை தட்டினார்கள். டிரைவர்கூட ஹாரன் அடித்தார்!

அப்பா, நிஜமா? ஒன்றுமே தெரியாமலா ஏழு பேருக்கு எதிரில் வந்து நின்றீர்கள்? ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை? நீங்கள் பெரிய ஆட்டக்காரர் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் உங்களைக் கொண்டாடினேன். ஆட்டமே தெரியாது என்று கேட்டதிலிருந்து பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நீங்கள் போன இந்த இரண்டு வருஷமாக அம்மா வாசலைத் தாண்டுவதே அபூர்வம். இன்று காலை பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அடுத்த ஆட்டம் எந்த ஊருல?" என்று கேட்கிறது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் கேட்டது. ஆனாலும் கேட்டது!

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பழகும்போது அம்மாவைக் கோட்டுக்குள் இறக்குவேன். மாட்டேன் என்று சண்டை போடும், போடட்டும். உங்களை இரண்டு தடவை பிடித்த ஆள் அது. இனிமேல் வேடிக்கை பார்க்க விடமாட்டேன்.

உங்கள் மூத்த பொண்ணு,
செல்வராணி