வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்கிற மகளுக்கு

போடிநாயக்கனூர்,
புதன்கிழமை.

அன்பு மகள் வித்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் அண்ணன் தங்கபாண்டி, அண்ணி தேவி, புதிதாக வந்திருக்கிற பேத்தி எல்லாரும் வீரபாண்டி கௌமாரி புண்ணியத்தில் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உருளுகிற செல்லமும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று காலையில் அடுப்பு பற்றவைக்கும்போதே நினைத்துக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று பதில் சொல்லிவிடுகிறாய், காகிதத்தில் குறுக்கே பேச முடியாதில்லையா, அதற்குத்தான். அடுத்த தெரு சந்திரவல்லியின் மகன் விடுமுறை முடிந்து உங்கள் நெதர்லாந்துக்கே திரும்புகிறான், அவனிடம் பிரசவ லேகியமும் ஏலக்காயும் கொடுத்தனுப்புகிறேன், இதுவும் அதோடு வரும்.

போன மாதம் நீ, ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதில்லை, மருத்துவச்சி வீட்டுக்கு வந்து பார்ப்பார், வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்று சொன்னபோது எனக்கு வந்த கோபத்தில் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அவர், அங்கிட்டு அப்படித்தான் போல என்று சொல்லிவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினார். பிள்ளை பெறுகிற பேச்சு வந்தாலே உங்க அப்பாவுக்குச் சிலமலைத் தோப்பில் அவசரமாக ஒரு சோலி வந்துவிடும். இங்கே குரங்கணி மலைக்கு மேலே இருக்கிறவர்கள்கூட ஜீப்பு பிடித்து ஆஸ்பத்திரிக்கு இறங்குகிற காலத்தில், அத்தனை வசதி உள்ள நாட்டில் உட்கார்ந்துகொண்டு இவள் இப்படிச் சொல்கிறாளே என்று இரண்டு நாள் புலம்பினேன். நீ பொறுமையாகத்தான் சொன்னாய். அந்த ஊரில் அது புதிதில்லை, மருத்துவச்சி என்றால் அதற்கென்றே படித்து வந்தவர், மாசாமாசம் பார்க்கிறார், சிக்கல் இருந்தால் வீட்டில் கூடாது என்று அவரே சொல்லிவிடுவார், குனிந்து பார்க்கிறவருக்கு முதுகு வலிக்காமல் இருக்கக் கட்டில் காலுக்குக் கட்டை வைத்து உயர்த்த வேண்டும் என்றெல்லாம். கட்டில் சங்கதியைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். கடைசியில், நீ சரின்னு சொன்னாத்தாம்மா எனக்கு மனசு நிக்கும் என்றாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி அன்றைக்குப் போனை வைத்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் தேவிக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். சுகப்பிரசவம், பெண் குழந்தை என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருந்தோம், வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பயமுறுத்த வேண்டாம் என்று. இப்போது அவள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், முகத்தில் ரத்தம் தெரிகிறது, அதனால் சொல்கிறேன், பதறாமல் படி. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று வளைகாப்பு முடிந்ததும் அவளை மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்களில்லையா, தேதி நெருங்கும்போது போடிக்கு இறக்கிவிடுவோம் என்றுதான் பேச்சு. தேதிக்கு முன்னாடியே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வலி கண்டுவிட்டது. சூட்டு வலியாக இருக்கும் என்று சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஜீப்பைச் சொல்லி அது வாசலில் வந்து நிற்கும்போது ராகுகாலம் தொடங்கிவிட்டது. சம்பந்தி பேச்சிமுத்து மகளைத் தரையில் நடக்கவிடாமல் வளர்த்தவர், அவர்தான் மறித்தது. தலப்புள்ளைக்குப் போறவ ராகுகாலத்துல வாசப்படி தாண்டப்படாது, ஆறு மணி ஆகட்டும், பெறகு வெரசா போயிரலாம் என்றாராம். சம்பந்தியம்மா மொக்கம்மாள் உட்பட ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை. நானாக இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன், பால் காய்ச்சவே நேரம் பார்க்கிற ஆட்கள் நாம்.

ஜீப்பு வாசலில் நிற்க, இவள் உள்ளே பாயில் கிடந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் பொறுத்தவள், சுவரைப் பிடித்து எழுந்து, வலி எனக்கா ராகுவுக்கா என்று அப்பன் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, தானாகவே படி தாண்டி ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நம்ம தேவிதான், காப்பியில் சர்க்கரை போதவில்லை என்றுகூடச் சொல்லமாட்டாளே, அவள். சம்பந்தியம்மா பின்னாடியே ஓடி அவள் பக்கத்தில் உட்கார, சம்பந்தி செருப்புக்கூட மாட்டாமல் முன்சீட்டில் ஏறினார். போடிமெட்டு தாண்டியதும் ஒரே மூடுபனி, வண்டி உருளத்தான் முடிந்தது. கீழேயிருந்து வந்த 108 ஒரு வளைவில் எதிர்ப்பட்டு, அதில் மாற்றி, மலை இறங்கி முடிப்பதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. அந்த வண்டியில் வந்த நர்சுப் பெண் குழந்தையை நல்லபடி ஏந்தி, துடைத்து, தாய் நெஞ்சில் போட்டிருக்கிறாள். அதன்பிறகு தேவிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, மருந்து ஏற்றி, ரத்தம் ஏற்றி, நிறுத்திவிட்டார்கள். ஆறு மணி வரைக்கும் வீட்டில் இருந்திருந்தால் என்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது என்று டாக்டரம்மா உன் அண்ணனிடம் சொன்னார்கள். சம்பந்தி அதைக் கேட்டுக்கொண்டே நின்றார், பாவம், திட்ட வேண்டும் என்று போன எனக்கே அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்படியானால் ஆஸ்பத்திரிதான் சரி என்று அம்மா சொல்லப்போகிறாள் என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். நேற்றுத் தேவிக்குத் தலை துவட்டிவிடும்போது அவளாகச் சொன்னாள், வண்டியில அம்மா கையப் பிடிச்சிருந்தேன் அத்தை, பயமே தெரியல, ஆஸ்பத்திரியில ஒருத்தரயும் விடல, சத்தம் போடாதன்னாங்களே தவிர என்ன செய்யிறாங்கன்னு ஒருத்தரும் சொல்லல, உசுரக் குடுத்தது அவங்கதான், ஆனா அங்க நானும் ஒரு ஆளுன்னு யாருக்கும் நெனப்பில்ல என்று. எனக்குச் சுருக்கென்றது. உன்னைப் பெறும்போது எனக்கு ஆபரேஷன் என்பதை அப்பாவிடம் சொன்னார்கள், கையெழுத்து வாங்கினார்கள், படுத்திருந்த என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது தப்பு என்றுகூட எனக்கு இத்தனை வருஷம் தோன்றியதில்லை. உனக்குத் தோன்றியிருக்கிறது. தெரிந்த முகங்களுக்கு நடுவில், உன்னிடம் கேட்டுக் கேட்டுச் செய்கிற ஒருத்தியின் கையில் பெற வேண்டும் என்று நீ நினைப்பதில் என்ன குற்றம்.

ஆனாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கமாட்டேன். வீடியோவில் உங்கள் வீட்டுப் படிக்கட்டைக் காட்டினாயே, ஏணியைச் சாத்தி வைத்த மாதிரி, அதில் ரத்தம் போகிற ஒருத்தியை எப்படிக் கீழே இறக்குவார்கள் என்று அந்த மருத்துவச்சி அம்மாவிடம் கேள். பதில் திருப்தியாக இல்லையென்றால் கட்டிலைக் கீழ் அறைக்குக் கொண்டுவந்து போடச் சொல். பனி கொட்டுகிற நாளில் ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம் ஆகும் என்றும் கேள். மாப்பிள்ளை கார்த்தி தங்கமானவர், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார், அதுதான் எனக்குக் கவலை. உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். மருத்துவச்சி கிளம்பலாம் என்றால், இன்னும் கொஞ்சம் பார்ப்போமே என்று நீ பேரம் பேசக்கூடாது, வீட்டிலேயே பெற்றேன் என்கிற பேருக்காக ஒரு நிமிஷம் காத்திருந்தாலும் அதுவும் ஒரு ராகுகாலம்தான். அதேபோல் அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்து, உன் உடம்பு உனக்குச் சரியில்லை என்று சொன்னால், யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து கிளம்பு. ஆஸ்பத்திரியில் பெற நேர்ந்தால் தோற்றுப்போன மாதிரி அழாதே. இவ்வளவுக்கும் நீ சம்மதம் என்றால், எனக்கும் சரி ஆத்தா, வீட்டிலேயே பெற்றுக்கொள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் இல்லை என்கிற குறை எனக்கு உண்டு. ஆஸ்பத்திரி பக்கம் என்று நம்ம வீட்டிலேயே வைத்திருக்கிற தேவியால் இன்னும் குனிந்து நிமிர முடியவில்லை, கைப்பிள்ளையோடு அவளை விட்டுவிட்டு வர மனசு ஒப்பவில்லை, அண்ணியப் பாரும்மா என்று நீயும் சொல்லிவிட்டாய். உன் பிள்ளைக்கு முப்பதாம் நாள் சாமி கும்பிடும்போது நான் அங்கே இருப்பேன். லேகியத்தைக் காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு சாப்பிடு, பிறந்த பிறகுதான், இப்போதே டப்பாவைத் திறக்காதே. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளை குட்டியோடு நிறைந்து வாழ வேண்டும், கௌமாரி உன் கூடவே நிற்பாள்.

மறக்காமல் இருக்க வேண்டியது ஒன்று. வலி கண்டதும் எனக்குப் போன் பண்ணாதே. மாப்பிள்ளையையும் பண்ணவிடாதே. என் குரல் கேட்டால் நீ என் பேச்சைத்தான் கேட்பாய், நான் பயத்தில் ஓடு என்பேன், இல்லை பொறு என்பேன், எதுவானாலும் இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு ஒன்றும் தெரியாமல் சொல்கிற பேச்சு. எல்லாம் முடிந்து, பிள்ளையை மாரில் போட்டுக்கொண்டு, உன் வாயால் நீயே கூப்பிடு. அதுவரைக்கும் ஒன்றும் தெரியாமல் நான் இங்கே இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்னக்கொடி